பத்திரிகை வைக்காத வீடுகள்

மாலையைக் கையில் வாங்கியதும் ராஜபாண்டி அதை முகர்ந்து பார்ப்பதில்லை. இடது முன்கையில் மாட்டிக்கொண்டு கையை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். கனம் போதாவிட்டால் முகம் கோணிவிடும். “என்ன இன்பராஜு, நாருதான் கெடக்கு, பூவைக் காணோம்? போட்டா நெஞ்சுல நிக்கணும்யா. காத்துக்குப் பறக்கக் கூடாது.” பூக்கடை இன்பராஜ் இன்னும் ஒரு முழம் சம்பங்கியைச் சேர்த்துச் சுற்றுவார். ஜிகினாத் தாள் வைக்கக் கூடாது. “செத்தவுக என்ன நாடகம் ஆடவா போறாக?” காலை எட்டு மணிக்கு அருப்புக்கோட்டையில் அந்தக் கடை வாசலில் நின்றால் வாரத்தில் ஐந்து நாள் இதைப் பார்க்கலாம். மீதி இரண்டு நாள் சுற்றுவட்டாரத்தில் சாவு இல்லாத நாள். அந்த நாட்களில் அவருக்குப் பொழுது போகாது.

வயது ஐம்பத்தாறு. மீசைக்கு மட்டும் மை. சலவைக்காரர் போட்ட மடிப்பு மாலைவரை கலையாத வெள்ளைச் சட்டை, அதன் பையில் இரண்டு பேனா. அவற்றால் கையெழுத்துப் போட இப்போது எதுவும் இல்லை. வேட்டியில் கரை மட்டும் மாறியிருக்கிறது. முன்பு கட்சிக் கரை. இப்போது எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத ஒரு மண் நிறக் கரையைத் தேடிப் பிடித்து டஜன் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து ஒன்றியம் ஒன்றுக்கு மூன்றரை ஆண்டு தலைவராக இருந்தவர். இன்றும் டீக்கடையில் பாதிப் பேர் “சேர்மன்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். மீதிப் பாதி என்ன பெயர் சொல்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை எதற்கும் அவர் போவதில்லை. யாரும் கூப்பிடுவதில்லை. அதை அவர் சொல்கிற விதமே தனி. “கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சாத்தான் தம்பி போகணும். கேதத்துக்கு எவன் பத்திரிகை வைக்கிறான்? செத்துப் போனாகன்னு காதுல விழுந்தா போதும், கெளம்பிர வேண்டியதுதான். வாசல்ல நின்னு ‘நீ வராதே’ன்னு சொல்றதுக்கு இந்தக் கரிசக்காட்டுல இன்னும் ஆளு பெறக்கலை.” சொல்லிவிட்டு என் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். சட்டத்தில் யாரும் கவனிக்காத ஒரு சந்து கண்டுபிடித்த வக்கீலுக்கு இருக்கிற சந்தோஷம் முகத்தில் இருக்கும்.

அவர் சொல்வது உண்மைதான். எங்கள் பக்கத்தில் வெட்டுப்பழி குத்துப்பழி என்று இருந்தவன்கூடக் கேதத்துக்கு வந்துவிட்டால் நாற்காலி எடுத்துப் போட்டாக வேண்டும். பந்தலுக்குள் நுழைந்ததும் செத்தவர் வீட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு, அப்புறம் உள்ளே போய் மாலை போடுவது வழக்கம். கும்பிடு கிடையாது. ‘வாங்க’ கிடையாது. கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ கிடையாது. உள்ளங்கையும் உள்ளங்கையும் ஒரு நொடி தொட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில், உன் துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று அர்த்தம்.

இந்தக் காரியத்தில் ராஜபாண்டியை மிஞ்ச ஆளில்லை. சாவுச் செய்தி அவருக்கு உறவினர்களுக்கு முன்பே வந்துவிடும். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற நாலு பேரின் எண்ணும் அவர் போனில் மேலேயே இருக்கிறது. “பெட்டி எந்தத் தெசைக்குப் போகுதுன்னு கேட்டா போதும். பொணம் யாருன்னு நானே சொல்லிருவேன்.” பல் விளக்குவதற்கு முன்னால் நாலு போன். அதற்கப்புறம் மூன்றே கேள்வி: எந்த ஊர், யாரு வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். ஒரே நாளில் பந்தல்குடியில் ஒன்று, திருச்சுழிப் பக்கம் ஒன்று, பரளச்சிக்குத் தெற்கே ஒன்று என்று மூன்று விழுந்தாலும் அசர மாட்டார். வரிசை போட்டு, இடையில் எங்கே சாப்பிடுவது என்பதுவரை முடிவு செய்துவிடுவார்.

கை கொடுப்பதில் அவருக்கு ஒரு தனிப் பாணி உண்டு. இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார். முகத்தைப் பார்க்கவே மாட்டார். ஒருநாள் அதைக் கேட்டேன். “வரிசையில இருவது பேரு இருப்பாக. இருவது மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நின்னா அடுத்த ஊருக்கு எப்பப் போறது? கையை மட்டும் பாக்கணும். நீண்டிருந்தா தொடணும், நகரணும். ஓட்டுக் கேக்குறதும் இப்பிடித்தான். ஒன்னு, ரெண்டு, மூணுன்னு கையாத்தான் தெரியும். ஆளாத் தெரியாது.”

ஆனால் இதை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் பாவம். போன இடத்தில் அவர் சும்மா உட்காருகிறவர் இல்லை. பந்தலில் வெயில் விழும் பக்கம் படுதா கட்டச் சொல்வார். தண்ணீர் கேனுக்கு ஆள் அனுப்புவார். இறப்புச் சான்றிதழுக்கு யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளை நகல் எடுக்க வேண்டும் என்பதை, அழுதுகொண்டிருக்கிற வீட்டில் அழாத ஒருவரைத் தேடிப் பிடித்து எழுதிக் கொடுப்பார். பந்தல்குடி ரோட்டில் லாரி மோதிச் செத்த ஒரு பையனின் உடலை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே நாளில் வாங்கிக்கொண்டு வந்தவர் இவர்தான். அந்தப் பையனின் அப்பா இன்றும் இவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார். எனக்கு இவரைப் பிடிக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிடித்ததனால்தான் இவ்வளவு நாள் இவர் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன்.

உப்போடைப்பட்டியில் பிறந்தவர். அப்பா பருத்தி மூட்டை ஏற்றி இறக்கியவர். மகன் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஆட்டோவில் மைக் பிடித்துக் கட்சிக் கூட்டத்துக்கு அறிவிப்புச் செய்ய ஆரம்பித்தார். குரல் அப்படி. எதிர்க்காற்றிலும் கண்மாயைத் தாண்டிக் கேட்கும். அறிவிப்பாளர் பேச்சாளர் ஆனார், பேச்சாளர் கவுன்சிலர் ஆனார், கவுன்சிலர் சேர்மன் ஆனார். எந்த மேடையில் ஏறினாலும் முதல் வரி ஒன்றுதான்: “உங்கள் அன்புச் சகோதரன் ராஜபாண்டி பேசுகிறேன்.” சொல்லிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுவார். கூட்டம் கை தட்டும். முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி, போனை எடுத்தாலும் இதே வரிதான். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக் கூப்பிட்டாலும் அன்புச் சகோதரன்தான்.

அந்த வரிதான் அவரைக் கவிழ்த்தது.

பரளச்சிக்குத் தெற்கே கீழ்க்கரைப்பட்டி என்ற சின்ன ஊரில் கனகலட்சுமி என்று ஒரு பெண். நூறு நாள் வேலையில் ஆட்களின் வருகையைப் பதிவு செய்து, போட்டோ எடுத்து ஏற்றுகிற பொறுப்பாளர் வேலை பார்த்தாள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. அம்மா பிச்சையம்மாள் மட்டும். ஒரு மத்தியானம் சேர்மன் அவளுக்குப் போன் செய்தார். அந்த வேலை அவளுக்கு நீடிக்க வேண்டும் என்றால் எங்கே வர வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று ஏழு நிமிஷம் பேசினார். நாலாவது தடவையாக வந்த போன் அது. அந்தத் தடவை அவள் பதிவு செய்தாள்.

ஒலிப்பதிவு வெளியே வந்த அன்று கட்சிக்காரர்கள் வழக்கம்போல, குரலைக் கம்ப்யூட்டரில் செய்துவிட்டார்கள், எதிரிகளின் சதி என்றார்கள். அது அரை நாள்கூடத் தாங்கவில்லை. பதிவின் முதல் வரியே, “யாரு, கனகலட்சுமியா? உங்கள் அன்புச் சகோதரன் ராஜபாண்டி பேசுகிறேன்” என்று மேடைத் தமிழில் கணீரென்று இருந்தது. அசிங்கமாகப் பேசப் போகிற ஒரு மனிதன் தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டு, அண்ணன் முறையும் கொண்டாடிவிட்டு ஆரம்பிப்பானா? எங்கள் சேர்மன் ஆரம்பித்தார். நாற்பது ஊர் சிரித்தது. டீக்கடையின் மீதிப் பாதி அன்றிலிருந்து அவரை “அன்புச் சகோதரன்” என்றுதான் சொல்கிறது.

நானும் சிரித்தேன். நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். ரொம்ப நாள் கழித்து ஒருநாள் சிரிப்பில்லாமல் முழுசாகக் கேட்டேன். அதில் அந்தப் பெண்ணின் குரலும் இருக்கிறது. “அண்ணே, வேலையா இருக்கேண்ணே.” “அண்ணே, வச்சிருங்கண்ணே.” ஏழு நிமிஷத்தில் பதினோரு தடவை அண்ணே என்கிறாள். நாற்பது ஊரில் அது யார் காதிலும் விழவில்லை. எனக்கும்தான் விழவில்லை. வெட்கமாக இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கட்சி அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தே நீக்கியது. போலீஸ் ஸ்டேஷனில் மன்னிப்பு எழுதித் தரச் சொன்னபோது, ‘பெருமதிப்பிற்குரிய’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினாராம். அங்கிருந்த ஏட்டு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று வரி சொல்லச் சொல்ல எழுத வைத்தார். கவுன்சிலர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார்கள். பதினாலு பேரில் பதிமூன்று பேர் கை தூக்கினார்கள். பதினாலாவது ஆள் இவர். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். “ஆதரவா இருக்கிறவுக கை தூக்குங்கன்னு சொன்னாகளா, பழக்கதோஷத்துல என் கையும் தன்னாலே மேல போயிருச்சு தம்பி. பாதியில பாத்துட்டு எறக்கிட்டேன்.”

அந்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு அவர் பெயரைத் ‘தலைமை’ என்று போட்டு அறுநூறு பத்திரிகை அச்சடித்திருந்தார்கள். மறுபடி அடிக்க நேரமில்லை. அவர் பெயர்மேல் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டி ஊருக்குக் கொடுத்தார்கள். ஒன்று அவர் கைக்கும் எப்படியோ வந்தது. “நகத்தை வச்சுச் சொரண்டிப் பாத்தேன். உள்ள எம்பேரு கொட்டை எழுத்துல அப்பிடியே கெடக்கு. ஒட்டுனா மறைஞ்சிருமா?” அந்தப் பத்திரிகையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

அவர் மனைவி முருகலட்சுமி அதிகம் பேசாதவர். ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவை, முழுவதும், கேட்டாராம். கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?” அவர்கள் மகள் சுகப்பிரியாவுக்கும் அப்போது இருபத்துநாலுதான். நான் போகும் போதெல்லாம் அந்த வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் ஒரு துண்டும் தயாராக இருக்கும். கேதத்துக்குப் போய்விட்டு வருகிறவர் குளித்துவிட்டுத்தானே வீட்டுக்குள் வர வேண்டும். தினமும் இதற்கே சிரமமில்லையா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “எனக்கென்ன செரமம்? வசதியாத்தான் இருக்கு. வாசல்லயே நிப்பாட்டிரலாம்ல” என்றார்.

ராஜபாண்டிக்கு இதெல்லாம் உறைத்ததா என்றால், எனக்குத் தெரியாது. அவர் நம்பிக்கை அசைந்து நான் பார்த்ததில்லை. “சனங்க மறதிக்காரவுக தம்பி. ஒரு மழை பேஞ்சா கரிசல்ல வெடிப்பெல்லாம் மூடிரும்” என்பார். ஒருமுறை பரளச்சி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, இரண்டு பக்கமும் கொத்தமல்லி அறுத்துப் போட்ட வாசனை, அந்த நல்ல காற்றில் தலையைப் பின்னால் திருப்பிச் சொன்னார்: “நீங்களே யோசிங்க. நான் என்ன கையப் பிடிச்சா இழுத்தேன்? வாய்தான் பேசுச்சு. கையை நீட்டுனனா?” எனக்குக் கோபம் வந்தது. ஓடுகிற பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது சிரமமான காரியம். “ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

இவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோதும் அதே நம்பிக்கைதான். எல்லாவற்றையும் எழுதுவேன் என்றேன். “எழுதுங்க. நல்லதோ கெட்டதோ, பேரு வரணும்ல? ரெண்டு வருசமா எவனும் எம்பேரை அச்சடிக்கலை.”

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. மாவட்டச் செயலாளரைப் போய்ப் பார்த்தார். கட்சிக்காரர்கள் அவரை ‘மாவட்டம்’ என்றுதான் சொல்வார்கள். “மாவட்டம் என்னைய உக்கார வச்சுப் பேசுச்சு தம்பி. ‘ஒன்னைய மாதிரி ஒழைக்கிறவன் எனக்கு வேணும்டா. ஆனா மேல கேட்டா நான் என்ன சொல்ல? அந்தப் பிள்ள வீட்டோட சமாதானம் ஆயிட்டேன்னு ஒரு போட்டோ கொண்டா. மத்ததை நான் பாத்துக்கிறேன்’னு சொல்லிருச்சு.” ஒரே ஒரு போட்டோ. கட்சிக்குள் திரும்புவதற்கும் சீட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான் விலை. கீழ்க்கரைப்பட்டிக்கு இரண்டு பேரைத் தூது அனுப்பினார். கனகலட்சுமி இரண்டு பேருக்கும் மோர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்கு எனக்குப் போன் வந்தது. “உங்கள் அன்புச் சகோதரன்” என்று ஆரம்பித்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது. “தம்பி, பெட்டி கீழ்க்கரைப்பட்டிக்குப் போகுது.”

பிச்சையம்மாள் இறந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது, சர்க்கரை. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

பூக்கடையில் அன்று இரட்டை மாலை கட்டச் சொன்னார். முன்கையில் மாட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக இன்பராஜை, “நல்லாருக்குய்யா” என்று பாராட்டினார். இன்பராஜ் என்னைப் பார்த்தார். அவருக்கும் எந்த வீடு என்று தெரிந்திருந்தது. பைக்கை எடுக்கும்போது ராஜபாண்டி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார் என்று புரிந்தது. “அந்தப் பிள்ள உள்ள பொம்பளைகளோட அழுதுக்கிட்டு இருக்கும். அதைத் தொந்தரவு பண்ணக் கூடாது, பாவம். வரிசையில தாய்மாமன் வீரபத்திரன் மொத ஆளா இருப்பாரு. நான் அவருக்குக் கை குடுக்கும்போது நீங்க ஒரு போட்டோ எடுத்துருங்க. ஒன்னு போதும். கேத வீட்டுல கை குடுத்துட்டா அப்புறம் என்ன பகை?”

நான் சரி என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. முடியாது என்று சொல்லவில்லை, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வழி நெடுக உற்சாகமாகவே பேசிக்கொண்டு வந்தார். இந்த முறை சேர்மன் ஆனால் பரளச்சிப் பக்கம் எந்த ஊருக்கு ரோடு, எந்தக் கண்மாய்க்கு மடை என்று கணக்காகச் சொன்னார். மக்காச்சோளக் காட்டு ஓரம் ஒருவர் கை காட்டியதும் வண்டியை மெதுவாக்கிக் கும்பிட்டார். அந்த ஆள் எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தத்தான் கை காட்டினார் என்பது அடுத்த நிமிஷம் தெரிந்தது. ராஜபாண்டி அதைப் பொருட்படுத்தவில்லை.

கீழ்க்கரைப்பட்டியில் கொட்டுச் சத்தம் ஊர் எல்லையிலேயே கேட்டது. பந்தல் சின்னப் பந்தல்தான். வாசலை ஒட்டி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு நாற்காலி. முதல் நாற்காலியில் கனகலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கே ஒரு நொடி கால் நின்றது. ஆண்கள் உட்காரும் வரிசை அது. வாசல் ஓரம் நின்ற ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன். “காலையில பெரியாளுக சொல்லிப் பாத்தாக. ‘எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதானே இருக்கேன். எனக்கு யாரு கை குடுக்கணுமோ அவுக இங்க வந்து குடுக்கட்டும்’னு சொல்லிருச்சு. அந்தப் பிள்ள சொன்னா சொன்னதுதான்” என்றார். பக்கத்து நாற்காலியில் தாய்மாமன் வீரபத்திரன். அதற்கப்புறம் பங்காளிகள்.

அவள் முகத்தில் அழுகை முடிந்திருந்தது. முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலையில் அவளிடம் வருகை பதிகிற கிழவர்கள், நெசவுக்குப் போகிறவர்கள், பரளச்சிக் கடைக்காரர் ஒருவர். ஒவ்வொருவரும் கை நீட்டினார்கள். அவளும் நீட்டினாள். உள்ளங்கை பட்டது, விலகியது. பெண்பிள்ளைக்குக் கை கொடுக்கிறோமே என்ற கூச்சம் முதல் ஆளுக்கு இருந்திருக்கலாம். எங்களுக்கு முன்னால் போனவர்களிடம் அது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர்கள் அந்த ஏழு நிமிஷத்தைப் போனில் கேட்டுச் சிரித்தவர்கள்தான்.

ராஜபாண்டி வழக்கப்படி முகங்களைப் பார்க்கவில்லை. மாலை இடது முன்கையில், இரண்டு கையும் சேர்த்து நீட்டியபடி, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு வரிசையில் நகர்ந்தார். நான் இரண்டடி பின்னால். போன் என் கையில் இருந்தது. கனகலட்சுமி அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அப்புறம் என் கையில் இருந்த போனையும் பார்த்தாள். நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைவிட வேறு நல்ல காரியம் அன்று நான் ஒன்றும் செய்யவில்லை.

அவர் கைகள் அவள் முன்னால் போய் நின்றன. அங்கே நீண்ட கை எதுவும் இல்லை. கையை மட்டுமே பார்த்துப் பழகியவர் ஒரு நொடி தடுமாறிவிட்டு, முதல் தடவையாக முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

கனகலட்சுமி எழுந்து நின்றாள். அவசரமில்லாமல் இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே வைத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் வீரபத்திரனும் எழுந்தார். அவரும் கும்பிட்டார். அதற்கடுத்தவர் எழுந்தார். வரிசை கடைசிவரை ஒவ்வொரு நாற்காலியாக நகர்கிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று கும்பிட்டபடி இருந்தார்கள். யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை; கை மட்டும் ஒருவரும் நீட்டவில்லை. கொட்டடிக்கிறவர்கள் என்ன என்று பார்க்க அடிப்பதை நிறுத்தினார்கள்.

நீட்டிய கை நீட்டியபடி ராஜபாண்டி நின்றார். அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எழுந்து நின்று தன்னைக் கும்பிடுகிற கூட்டத்தைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் கைகள் மெல்ல ஒன்று சேர்ந்தன. பாதியில் இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். இறக்கவில்லை. சேர்ந்த கைகள் நெஞ்சைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, தலைக்கு மேலே போயின. முகத்தில் போஸ்டரில் இருக்கிற அதே சிரிப்பு வந்தது. முன்கையில் கிடந்த மாலை முழங்கையைத் தாண்டி வழுக்கித் தோளுக்கு வந்து, அவர் நெஞ்சில் படிந்து நின்றது. கனமான மாலை, காற்றுக்கு அசையவே இல்லை.